பேதுருவின் தயக்கம்

கிறிஸ்தவச் சிந்தனையில் பிறர்க்குச் செய்யும் பணி, ஜெபம் முடிந்தபின் மிஞ்சும் நேரத்தில் ஆற்றவேண்டிய நற்செயலாக எண்ணப்படவில்லை. மனிதன் கடவுளின் முன் தன்னை நிறுத்திக்கொள்ளும் வழிகளுள் ஒன்றாகவே அது தொடக்கம் முதல் கருதப்பட்டு வந்திருக்கிறது. ஆதித் திருச்சபை இதற்கு வழங்கிய ‘தியாகோனியா’ என்னும் கிரேக்கச் சொல் பந்தியில் உணவு பரிமாறும் வேலையையும் குறிப்பது. எருசலேமில் கைம்பெண்களுக்கு அன்றாட உணவு பங்கிடுவதில் மனத்தாங்கல் எழுந்தபோது அதைத் தீர்க்க ஏழு பேர் தெரிந்தெடுக்கப்பட்டதைத் திருத்தூதர் பணிகள் என்னும் விவிலிய நூல் விவரிக்கிறது. தமிழகக் கத்தோலிக்கர் பணி என்றும், சீர்திருத்தத் திருச்சபையினர் ஊழியம் என்றும் வழங்குவது இதையே. ஆயினும் பணி எவ்வகையில் ஆன்மிகப் பயிற்சியாகிறது, எந்த இடத்தில் அது வெறும் நிர்வாகமாகவோ, அதைவிடக் கேடாக, கொடுப்பவரின் பெருமையாகவோ திரிந்துபோகிறது என்ற கேள்விக்குத் திருச்சபையின் வரலாறு ஒரே விடையைத் தந்துவிடவில்லை.

அக்கேள்வியைத் திருவண்ணாமலையில் நின்று கேட்பதற்குக் காரணம் உண்டு. அசையாதிருத்தலையும் ஏற்று உண்ணுதலையும் ஒருங்கே மதிக்கும் ஊர் இது. 1896-இல் இங்கு வந்துசேர்ந்த வேங்கடராமன், பிற்காலத்து ரமண மகரிஷி, 1950-இல் மறையும்வரை இம்மலையை விட்டு நீங்கவில்லை; 2001 வரை வாழ்ந்த யோகி ராம்சுரத்குமார் தம்மைப் பிச்சைக்காரன் என்றே அழைத்துக்கொண்டார். பௌர்ணமிதோறும் பதினான்கு கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் வெறுங்காலோடு நடக்கும் பெருங்கூட்டத்துக்கு வழியெங்கும் அன்னதானம் நடக்கிறது. அங்கே வாங்கி உண்பவர் தாழ்ந்துபோவதில்லை, ஏற்பவர் இருப்பதால்தான் இடுபவருக்கு அறம் வாய்க்கிறது என்ற எண்ணம் ஊரின் பழக்கத்திலேயே ஊறிக்கிடக்கிறது. இதே மண்ணுக்குக் கிறிஸ்தவர்கள் பள்ளியோடும் மருந்தோடும் வந்தார்கள்; அதாவது, பெரும்பாலும் கொடுப்பவர்களாக வந்தார்கள். கொடுக்கத் தெரிந்த அளவுக்கு அவர்களுக்கு ஏற்கத் தெரிந்ததா என்பதை வைத்தே அவர்களுடைய பணியின் ஆன்மிகத்தை அளக்க வேண்டும்.

இந்த அளவுகோல் கிறிஸ்தவத்துக்கு வெளியிலிருந்து கொண்டுவரப்பட்டதன்று. மற்ற மூன்று நற்செய்தியாளரும் கடைசி இராவுணவில் அப்பமும் இரசமும் பகிரப்பட்டதை எழுதும் இடத்தில், யோவான் தம் பதின்மூன்றாம் அதிகாரத்தில், இயேசு மேலாடையைக் கழற்றி, இடையில் துண்டைக் கட்டிக்கொண்டு, சீடர்களின் கால்களை ஒவ்வொருவராகக் கழுவியதை எழுதுகிறார். புழுதிச் சாலையில் நடந்துவந்தவரின் காலைக் கழுவுவது அந்நாளில் அடிமையின் வேலை. எபிரேய அடிமையைக்கூட அவ்வேலைக்கு ஏவலாகாது என்று சொல்லும் விளக்கம் பழைய யூத உரைகளுள் உண்டு. அந்த அளவுக்கு அது இழிந்ததாக எண்ணப்பட்டது. காட்டிக்கொடுக்க முடிவுசெய்துவிட்ட யூதாஸின் கால்களும் அன்று கழுவப்பட்டன.

இப்பகுதியைப் பற்றிய பிரசங்கங்கள் பெரும்பாலும் ஆண்டவரின் தாழ்மையோடு நின்றுவிடுகின்றன. ஆனால் யோவான் அந்நிகழ்ச்சியில் அதிக இடம் கொடுப்பது பேதுருவின் மறுப்புக்கு. பேதுரு பணிசெய்ய மறுக்கவில்லை. பணியை ஏற்கவே மறுக்கிறார். அந்த மறுப்பு பணிவுபோலத் தோன்றினாலும், அதற்குள் உலகத்தைப் பற்றிய ஒரு கணக்கு ஒளிந்திருக்கிறது: போதகர் மேலே, சீடர் கீழே, அடிமை அதற்கும் கீழே என்ற அடுக்கு குலையாதிருந்தால்தான் சீடருக்கும் அதில் ஓர் இடம் உறுதிப்படும், மேலே இருப்பவர் தரையில் குனிந்துவிட்டால் நடுவில் நிற்பவருக்கு நிற்க இடமில்லாமற்போகும். கழுவப்பட இசையாதவருக்குத் தம்மோடு பங்கில்லை என்று இயேசு கண்டிப்பாகச் சொல்லிவிட்ட பிறகே பேதுரு காலை நீட்டுகிறார். சீடர்கள் ஒருவர் மற்றவருடைய கால்களைக் கழுவ வேண்டும் என்ற கட்டளை அதற்கும் பின்னரே வருகிறது. இந்த வரிசை முக்கியமானது: காலை நீட்டக் கற்றவருக்கே துண்டு கொடுக்கப்படுகிறது.

கத்தோலிக்கத் திருச்சபை பெரிய வியாழனன்று இந்நிகழ்ச்சியைச் சடங்காக நினைவுகூர்கிறது. 1955-இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் செய்த புனித வாரச் சீர்திருத்தத்தால் அது மாலைத் திருப்பலிக்குள் இடம்பெற்றது. 2016-இல் திருத்தந்தை பிரான்சிஸ் விதியை மாற்றிப் பெண்களின் பாதங்களும் கழுவப்பட வழிசெய்தார். நல்ல மாற்றங்கள் இவை. எனினும் வீட்டிலேயே தேய்த்துக் கழுவிவந்த கால்களின்மேல் சில துளி நீர் ஊற்றப்படுவதையும், குனிந்தெழுந்த குரு தாம் ஒருமுறையும் அமராமலே பீடத்துக்குத் திரும்புவதையும் காணும்போது, அச்சடங்கு பேதுருவின் தயக்கத்தை நெடுங்காலமாகக் குருத்துவத்தின் பக்கமே விட்டுவைத்திருக்கிறதோ என்று எண்ணத் தோன்றுகிறது.

துறவு மடங்கள் இதைச் சற்றுக் கூர்மையாகப் புரிந்துகொண்டிருந்தன. ஆறாம் நூற்றாண்டு இத்தாலியில் புனித ஆசீர்வாதப்பர் வகுத்த மட ஒழுங்கில், சமையற்கட்டு வேலை வாரமுறையாக எல்லோருக்கும் வருகிறது. சனிக்கிழமையன்று அவ்வாரத்து வேலையை முடிப்பவரும் அடுத்த வாரத்து வேலையை ஏற்பவரும் சேர்ந்து மடத்தார் எல்லோருடைய கால்களையும் கழுவ வேண்டும். முறை சுழல்வதால் இன்று வேலையை முடித்துக் கழுவுபவர் அடுத்த சனிக்கிழமை காலை நீட்டி உட்கார்ந்திருப்பார். பணி ஒருவரின் குணநலனாகத் தங்கிவிடாமல் எல்லோருக்கும் பொதுவான ஒழுங்காக மாறும் இடம் இது. வரும் விருந்தினரைக் கிறிஸ்துவாகவே ஏற்று, அவருடைய கால்களையும் கழுவ வேண்டும் என்று அதே ஒழுங்கு வேறோர் அதிகாரத்தில் விதிக்கிறது.

இவ்வொழுங்கில் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் வாழ்ந்த ஹென்றி லெ சோ என்னும் பிரெஞ்சுத் துறவி 1948-இல் தமிழகம் வந்து, 1949 ஜனவரியில் ஜூல் மோன்ஷானின் அடிகளாரோடு திருவண்ணாமலைக்குச் சென்று ரமணரைக் கண்டார். மறு ஆண்டு இருவரும் குளித்தலைக்கு அருகே தண்ணீர்ப்பள்ளியில் சாந்திவனம் என்னும் ஆசிரமத்தைத் தொடங்கினர். அபிஷிக்தானந்தர் என்ற பெயரை ஏற்ற லெ சோ, 1952 முதல் பலமுறை அருணாசல மலையின் குகைகளில் மௌனத்தில் தங்கினார். அவர் வாழ்வில் அத்வைத அனுபவத்துக்கும் கிறிஸ்தவ விசுவாசத்துக்கும் இடையில் நிகழ்ந்த போராட்டம் பலரால் எழுதப்பட்டிருக்கிறது. அதைக் காட்டிலும் எளிய ஒரு செய்தியை யாரும் பெரிதாகக் கொள்ளவில்லை. குகையில் மௌனமாக இருப்பவர் உணவுக்கு ஊராரின் கையை நம்பியே இருக்க வேண்டும். அவரும் அவ்வாறே இருந்தார். விருந்தினரின் காலைக் கழுவும்படி பயிற்றப்பட்ட ஐரோப்பியத் துறவி ஒருவர், கிறிஸ்தவரல்லாதவர்களின் அன்னத்தை ஏற்கும் விருந்தாளியாக அமர்ந்தது, மறைப்பணி வரலாற்றில் எளிதாகக் கடந்துபோகக்கூடிய நிகழ்ச்சியன்று. அவர் பள்ளி நடத்தவில்லை, மருந்து கொடுக்கவில்லை. ஆகையால் அவரைச் சேவைக்கு எதிரான தியானத்தின் பக்கம் நிறுத்துவது வழக்கமாகிவிட்டது. பேதுரு கற்கத் தயங்கிய பாடத்தை அவர் அம்மலையடிவாரத்தில் கற்றார் என்று கொள்வதே பொருந்தும்.

கால் கழுவுதல் தமிழ்ச் சைவத்துக்கும் புதிதன்று. பெண்ணாகடத்தில் வாழ்ந்த கலிக்கம்ப நாயனாரின் வரலாற்றைச் சேக்கிழார் பெரியபுராணத்தில் பாடுகிறார். சிவனடியார் எவர் வந்தாலும் கால் விளக்கி அமுதளிப்பது அவருடைய நோன்பு. மனைவி கரகத்து நீரை வார்க்க, அவர் கழுவுவார். முன்பு அவ்வீட்டில் ஏவல் செய்து வெறுத்துப் போன ஒருவர் அடியார் வேடத்தில் வந்து நின்றபோது மனைவி நீர் வார்க்கத் தயங்க, நாயனார் மனைவியின் கையை வெட்டிவிட்டுத் தாமே நீரை வார்த்துக் கழுவினார். பழைய ஏவலாளின் கால் புனிதமாகிவிட்டது என்பதை நாயனார் கண்டார் என்பதில் ஐயமில்லை; அவருடைய சமத்துவ உணர்வு அக்காலத்துக்குப் பெரியது. எனினும் இன்றைய வாசகரின் கண் அந்தக் கரகம் ஏந்திய கையின்மேல் நிற்காமல் போகாது. நோன்பு அவருடையது, நாள்தோறும் நீர் சுமந்த கை வேறொருவருடையது. கிறிஸ்தவப் பணியின் வரலாற்றிலும் இதே கேள்வி எழுகிறது. மருத்துவமனைகள் நிறுவிய வெளிநாட்டாரின் பெயர்கள் கல்வெட்டுகளில் உள்ளன. வீடுவீடாக நடந்த வேதாகமப் பெண்கள், புண்ணுக்குக் கட்டுப்போட்ட உதவியாளர்கள், வார்டு ஆயாக்கள், துப்புரவாளர்கள் ஆகியோரின் பெயர்கள் சம்பளப் பதிவேட்டைத் தாண்டவில்லை. அவர்களுள் மிகப் பலர் தலித் கிறிஸ்தவப் பெண்கள். ஊழியம் என்ற சொல்லின் முழுப் பாரத்தையும் சுமந்தவர்கள் அவர்களே.

திருவண்ணாமலை வட்டாரத்தில் வேரூன்றிய சீர்திருத்தத் திருச்சபையின் பிறப்பே யார் யாரோடு அமர்வது என்ற வழக்கோடு தொடர்புடையது. திருச்சபைக்குள் சாதி வேற்றுமையைப் பொறுத்துக்கொள்ளலாமா என்ற சர்ச்சையில் லைப்சிக் மிஷனைவிட்டு விலகிய கார்ல் ஓக்ஸ் மேல்பட்டாம்பாக்கத்தில் தொடங்கிய பணி, 1860-களில் டேனிஷ் மிஷனோடு இணைந்தது. அதன் வழியில் உருவானதே இன்றைய ஆற்காடு லுத்தரன் திருச்சபை. திருவண்ணாமலையின் டேனிஷ் மிஷன் பள்ளியும் திருக்கோவிலூரின் டேனிஷ் மிஷன் மருத்துவமனையும் இவ்வட்டாரத்தார் அறிந்தவை. கத்தோலிக்கர் பக்கத்தில், 1876 முதல் 1878 வரை நீடித்த தாதுவருடப் பஞ்சத்தை ஒட்டிய காலத்தில் சேத்துப்பட்டை மையமாகக் கொண்டு உழைத்த தாராஸ் அடிகளாரின் வழியாக ஆயிரக்கணக்கானோர் திருமுழுக்குப் பெற்றனர். பஞ்சத்தில் வந்தவர்களை ‘அரிசிக் கிறிஸ்தவர்கள்’ என்று இழித்துப் பேசுவது அன்றும் இன்றும் உண்டு. அப்பேச்சில் பசித்தவர்மேல் உள்ள ஏளனம் அருவருக்கத்தக்கது. ஆயினும் கஞ்சியையும் ஞானஸ்நானத்தையும் ஒரே கையிலிருந்து பெற்றவருக்கு மறுத்துச் சொல்லும் சுதந்திரம் எவ்வளவு இருந்தது என்று கொடுத்தவர்கள் தங்களைக் கேட்டுக்கொள்ள வேண்டியிருந்தது. அந்தக் கேள்வி போதுமான அளவு கேட்கப்படவில்லை.

கேட்டுக்கொண்டவர்கள் சிலர் உண்டு. பழைய வட ஆற்காடு மாவட்டத்தின் திருப்பத்தூரில் 1921-இல் கிறிஸ்துகுல ஆசிரமத்தை நிறுவிய சவரிராயன் ஏசுதாசனும் ஸ்காட்லாந்துக்காரரான எர்னஸ்ட் பாரஸ்டர் பேட்டனும் மருத்துவர்கள். ஒருவர் ஆளப்படும் நாட்டினர், மற்றவர் ஆளும் நாட்டினர், அதிலும் செல்வக் குடும்பத்தவர். ஆசிரமத்தில் ஏசுதாசன் பெரியண்ணன், பேட்டன் சின்னண்ணன். வெள்ளையர் தலைவராகவும் இந்தியர் உதவியாளராகவும் இருந்த மிஷன் நிறுவனங்களின் காலத்தில், தமிழ்க் குடும்பத்தின் மூத்தோன் இளையோன் என்ற முறையிலேயே அதிகாரத்தைத் தலைகீழாக்கிக் காட்டிய பெயர்கள் அவை. மணம் செய்துகொள்ளாமல், கதர் உடுத்து, தரையில் அமர்ந்து உண்டு, சுற்றுவட்டாரக் கிராமத்தாருக்கு மருத்துவம் பார்த்தார்கள். அவர்கள் எழுப்பிய ஜெபாலயம் திராவிடக் கோயிற்கட்டடக் கலையின் வடிவில் அமைந்தது. 1932-இல் சென்னைத் தெருவில் கதரோடு நின்ற பேட்டன், தம் நாட்டவரின் அரசுக்குக் கீழிருந்த காவல்துறையிடமே அடி வாங்கினார். மருத்துவராகத் தமிழகத்துக்குக் கொடுக்க வந்தவர், தமிழரோடு சேர்ந்து ஏற்க வேண்டியதையும் ஏற்றார்.

வட ஆற்காடு, தென்னாற்காடு, செங்கல்பட்டு ஆகிய மாவட்டங்கள் இந்தியாவில் தொழுநோய் மிகுந்த பகுதிகளுள் அடங்கியிருந்தன. கோயில் வாசல்களிலும் மலைசுற்றும் பாதையிலும் விரல் தேய்ந்த கைகள் நீண்டிருந்த காலம் இன்னும் பலருடைய நினைவில் இருக்கிறது. 1955-இல் பெல்ஜிய மருத்துவர் பிரான்ஸ் ஹெமெரைக்ஸ் போளம்பாக்கத்தில் தொடங்கி, பின்னர் கிளேர் வெல்லூட் தொடர்ந்து நடத்திய மரத்தடிச் சிகிச்சை முறை, நோயாளியை ஊரிலிருந்து பிரித்து அடைக்காமல், அவர் வாழும் இடத்துக்கே மருந்தைக் கொண்டுசென்றது. இன்றைய திருவண்ணாமலை மாவட்டத்துச் சேத்துப்பட்டில் 1960-களில் ஜெர்மானியத் தொழுநோய் நிவாரணச் சங்கத்தின் துணையோடு வளர்ந்த புனித தோமையார் மருத்துவமனை இவ்வட்டாரத்தின் பெரும் பகுதிக்குத் தொழுநோய்ச் சிகிச்சை அளித்தது.

தொழுநோய்க்கு மருத்துவம் பார்ப்பதென்பது பெருமளவுக்குக் காலைப் பார்ப்பதே. கிருமி புறநரம்புகளைத் தாக்குவதால் உணர்வு போகிறது. உணர்வு போன பாதம் முள்ளையும் சூடான தரையையும் செருப்பின் ஆணியையும் அறிவதில்லை. வலி இல்லாததால் புண்ணின்மேலேயே மனிதர் நடக்கிறார். புண் எலும்புவரை செல்கிறது. விரல்கள் அழுகி உதிர்வது நோயின் இயல்பு என்று நூற்றாண்டுகளாக நம்பப்பட்டதை, 1946-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த பால் பிராண்ட் ஏற்கவில்லை. கொல்லிமலையில் மிஷனரிப் பெற்றோருக்குப் பிறந்த அவர், சிதைவுக்குப் பெருங்காரணம் வலியை உணராமல் ஏற்படும் காயங்களே என்று காட்டினார். வேலூரிலும், 1955-இல் தொடங்கிய கரிகிரி மருத்துவமனையிலும், மடங்கிப்போன கைகளுக்குத் தசைநாண் மாற்றும் அறுவையும், உணர்வற்ற பாதங்களுக்கு நுண்துளை ரப்பரால் ஆன செருப்பும் உருவாயின. எம்.சி.ஆர். செருப்பு என்று வழங்கும் அது உடல் எடையைப் பாதம் முழுதும் பரப்பிப் புண் வராமல் காக்கிறது. அதற்கு முன்னும் பின்னும் நாள்தோறும் செய்ய வேண்டியது ஒன்றே: பாதத்தை நீரில் ஊறவைத்து, தடித்த தோலைத் தேய்த்து நீக்கி, ஈரம் உலராமல் எண்ணெய் தடவி, வெடிப்போ கொப்புளமோ உண்டா என்று பார்க்க வேண்டும். பெரிய வியாழனின் சடங்கு இவ்வார்டுகளில் ஆண்டு முழுதும், சடங்கென்ற பெயரில்லாமல், நடந்திருக்கிறது.

இங்கேயும் பேதுருவின் தயக்கம் புகும். சிறியோருக்குச் செய்வதெல்லாம் தமக்கே செய்ததாகும் என்று இயேசு கூறும் நியாயத்தீர்ப்புப் பகுதியை மத்தேயு நற்செய்தி தருகிறது; நோயாளியிடம் கிறிஸ்துவைக் காண்பது அதிலிருந்து பிறந்த உயர்ந்த பயிற்சி. ஆனால் நோயாளியிடம் கிறிஸ்துவை மட்டுமே காண்பவர், அந்த மனிதரைக் காணத் தவறக்கூடும். அவருக்கென்று கடனும், விட்டுவந்த வயலும், வணங்கும் தெய்வமும், பிடித்ததும் பிடிக்காததும் உண்டு. எம்.சி.ஆர். செருப்பின் தோற்றமே நோயை ஊருக்கு அறிவித்துவிடும் என்று பலர் அதை அணியாமல் விட்டார்கள். கொடுத்தவர்கள் நோயாளியின் அறியாமையை நொந்துகொண்டார்கள். நோயாளிகளின் வெட்கத்துக்குச் செவிகொடுத்த பிறகே சாதாரணச் செருப்பைப்போல் தோன்றும் வடிவங்கள் செய்யப்பட்டன. அண்ணாமலையாரின் அடியாரான ஒரு நோயாளிக்கு வெறுங்காலோடு மலைசுற்றுவது நேர்த்திக்கடன். மருத்துவருக்கோ அது வெயிலேறிய சாலையில் உணர்வற்ற கால் பதினான்கு கிலோமீட்டர் நடப்பது. நடக்காதே என்று சொல்லிவிடுவது எளிது. அவருடைய பக்தியைத் தம் பக்தியைப்போல் மெய்யானதாக ஏற்று, எந்த நேரத்தில் போகலாம், கோயில் வாசல்வரை செருப்போடு போக முடியுமா, திரும்பியதும் காலை எப்படிப் பார்க்க வேண்டும் என்று அவரோடு அமர்ந்து பேசுவது கடினம். இரண்டாவதைச் செய்பவர் அவரிடமிருந்து எதையோ பெற்றுக்கொள்கிறார். முதலாவதைச் செய்பவர் கொடுத்தவராகவே வீடு திரும்புகிறார்.

1980-களில் பரவிய கூட்டு மருந்துச் சிகிச்சை நோயைக் குறிப்பிட்ட காலத்துக்குள் குணமாக்கக் கூடியதாக்கியது. பத்தாயிரம் பேரில் ஒருவருக்கும் குறைவு என்ற நிலையை இந்தியா 2005 டிசம்பரில் எட்டியதாக அறிவிக்கப்பட்டது. 1898-ஆம் ஆண்டின் தொழுநோயாளர் சட்டம் நீக்கப்பட்டது 2016-இல்தான். கிறிஸ்தவர்களின் மணமுறிவுச் சட்டம் உட்படப் பல தனிநபர் சட்டங்களில் தொழுநோய் மணமுறிவுக்குரிய காரணமாக 2019வரை இருந்தது. நோயாளியின் காலைக் கழுவிய திருச்சபை, அந்தக் காரணம் நீங்க வேண்டும் என்று ஓங்கிக் குரல் கொடுத்திருக்க வேண்டும்.

கிருமி அழிந்த உடலில் நரம்பின் உணர்வு பெரும்பாலும் திரும்புவதில்லை. குணமானவர்கள் என்று பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்ட முதியவர்கள் இன்றும் அதே பாதங்களோடு வாழ்கிறார்கள். வெளிநாட்டு நிதி குறைந்து வார்டுகள் சுருங்கிய பின்னர், அவர்களுடைய கால்களை வாழ்நாள் முழுதும் கவனிக்கும் வேலை அவர்களிடமே வந்து சேர்ந்திருக்கிறது. தற்காப்புக் குழுக்கள் என்ற பெயரில் அவர்கள் நீர்த்தொட்டிகளைச் சுற்றி அமர்ந்து கால்களை ஊறவைக்கிறார்கள். விரல் மடங்கியவருக்குத் தேய்கல்லைப் பிடிக்க வராது. கண் மங்கியவருக்குத் தம் உள்ளங்கால் தெரியாது. ஆகையால் ஒருவர் காலை மற்றவர் தூக்கிப் பார்த்துப் புண் இருக்கும் இடத்தைச் சொல்கிறார், பிறகு தம் காலை அவரிடம் நீட்டுகிறார். அவ்வட்டத்தில் இந்துவும் கிறிஸ்தவரும் முஸ்லிமும் கலந்திருப்பார்கள்; செவிலியர் ஒருவர் பக்கத்தில் அமர்ந்து பார்த்துக்கொண்டிருப்பார், பல சமயங்களில் அவருக்குச் சொல்லித்தர அதிகம் இருக்காது.